பிரியாமல் விழுந்த கட்டு

வெள்ளிக்கிழமை காலை. தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. வளைகுடாவில் அந்த நேரத்தில் யாரும் யாருக்கும் போன் செய்வதில்லை. வாரம் முழுக்கப் பாக்கி வைத்த தூக்கத்தை மொத்தமாகத் தீர்க்கிற காலை அது. அதனால் மணி அடித்ததுமே என் கணவர் உள்ளேயிருந்து, "யாருக்கு என்னாச்சு?" என்றுதான் கேட்டார். பேசியது முருகேசன். ஷார்ஜா ரோலாவில் எங்கள் அச்சகத்துக் கதிரேசண்ணனோடு ஒரே அறையில் இருப்பவன். "அக்கா, அண்ணன் எந்திரிக்க மாட்டேங்குறாக. வச்ச டீ ஆறிப் போச்சு" என்றான். ஆறினால் என்ன, வேறு போட்டுக் கொடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் அழத் தொடங்கிவிட்டான்.

மாரடைப்பு என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தார்கள். தூக்கத்திலேயே போயிருக்கிறார். நல்ல சாவு என்று அறை வாசலில் வந்து நின்ற எல்லாரும் சொன்னார்கள். யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போய்விட்டாராம். சுற்றிலும் அத்தனை கட்டில்களில் ஆட்கள் படுத்திருக்க, ஒருத்தருக்கும் தெரியாமல் ஒரு மனிதர் செத்துப் போவதில் என்ன நல்லது இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் தணியவில்லை.

இதைப் படிக்கப் போகிறவர்களில் பாதிப்பேர் துபாய் அல் கூஸ் அச்சகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள். மீதிப்பேர் ரோலாவில் அவர் சமைத்த கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்டவர்கள். இரண்டு கூட்டமும் அவரைக் 'குவைத்து' என்றுதான் கூப்பிட்டீர்கள். "என்ன குவைத்து, சண்டை நடந்தப்ப நீ பீரங்கி தொடைச்சியாமே?" என்று கேட்பீர்கள். "ஆமாப்பா, தேங்காயெண்ணெ போட்டுத் தொடைச்சேன்" என்பார் அவரும். நீங்கள் சிரிப்பீர்கள். அவர் உங்களைவிடச் சத்தமாகச் சிரிப்பார். ஈராக் ஆக்கிரமிப்புக் காலத்தில் குவைத்தில் இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் எல்லாரையும் போல இவரும் கொஞ்சம் அளக்கிறார் என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அவர் அளந்ததெல்லாம் சொல்லக்கூடிய பகுதியை மட்டும்தான். சொல்லாமல் வைத்திருந்ததை உங்களிடம் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். அவர் இருந்தால் விடமாட்டார்.

அச்சகத்தில் நான் டிசைன் பிரிவு. அவர் ஆஃப்செட் மெஷின். நான் சேர்ந்த புதிதில் ஒரு துணிக்கடையின் தீபாவளித் தள்ளுபடி நோட்டீஸ் வந்தது. அந்த ஊரில் என் முதல் வேலை; இரண்டு நாள் கண் எரிய உட்கார்ந்து செய்தது. காலையில் அச்சாகிவிட்டது. கடைக்காரரின் ஆள் வண்டியை வாசலில் நிறுத்திக்கொண்டு காத்திருக்கிறார். வெட்டிக் கட்டிக் கொடுத்தால் முடிந்தது. அண்ணன் தாள்களைக் கட்டிங் மெஷின் பக்கமே விடவில்லை. "மை காயல. நாளைக்குத்தான் வெட்டுவேன்" என்று நிற்கிறார். மேனேஜர், "யல்லா கதிரேசன், ஜல்தி கரோ, பார்ட்டி கடா ஹை" என்று குதிக்கிறார். "பார்ட்டி நிக்கிதுன்னா ஒரு நாற்காலி போட்டு ஒக்காரச் சொல்லுங்க சார்" என்றார் அண்ணன். மேனேஜர் கோபத்தில் அரபியில் ஏதோ சொன்னார். அண்ணன் துணியால் கையைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நானே போய், "இது என்ன கல்யாணப் பத்திரிகையா அண்ணே? நோட்டீஸ்தானே, வாங்கினவன் மூக்கைத் துடைச்சுப் போடப் போறான்" என்றேன். திருச்சிக்காரி வாய். அவர் கோபப்படவில்லை. "நோட்டீஸுங்கறதாலதான் சொல்றேன் தங்கச்சி. காகிதத்துக்கு நடுவுல காத்துப் போகணும். போகலன்னா அது காகிதமில்ல, பலகை" என்றார். இதற்காக அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அடுத்த நோட்டீஸ் வந்தபோதும் அப்படியேதான் நின்றார். கல்யாணப் பத்திரிகை, காலண்டர், பில் புத்தகம் எதற்கும் இந்தப் பிடிவாதம் கிடையாது. அவசரமென்றால் விட்டுக் கொடுப்பார். நோட்டீஸ் என்று வந்துவிட்டால் மட்டும் மனிதர் மாறிவிடுவார். வெட்டி முடித்த பிறகும் ஒவ்வொரு கட்டையும் எடுத்துச் சீட்டுக்கட்டு மாதிரி விசிறிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். உங்களுக்கும் இது தெரியும். 'கிறுக்கு' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டோம்.

மெஷின் அறையில் அவர் சொன்னவை பல எனக்கு இன்றும் உதவுகின்றன. "மெஷினும் மாமியாரும் ஒண்ணு தங்கச்சி. சத்தம் போடுற வரைக்கும் பயமில்ல. திடுதிப்புனு அமைதியாயிட்டா அப்பத்தான் என்னமோ இருக்கு" என்பது ஒன்று. என் மாமியார் ஷார்ஜாவுக்கு வந்து மூன்று மாதம் இருந்தபோது அதன் உண்மையை உணர்ந்தேன். அண்ணனிடம் எங்கே இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டால், "நாங்க இங்கனதான் இருக்கோம்" என்பார். ஒற்றை ஆள் எதற்கு 'நாங்க' என்கிறார் என்று கேட்டிருக்கிறேன். சிரித்து மழுப்பிவிடுவார்.

ஷார்ஜாவில் இருப்பவர்களுக்கு வெள்ளிக்கிழமை மாலையின் ரோலா எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உட்கார இடமிருக்காது. ஆந்திராக்காரர்கள் ஒரு பக்கம், பெஷாவர்க்காரர்கள் ஒரு பக்கம், நம்மவர்கள் மாவட்டவாரியாக ஒரு பக்கம். காய்கறிப் பையோடு அந்தக் கூட்டத்தைக் கடந்தபோது ஒருநாள் அண்ணனைப் பார்த்தேன். சிவகங்கைக்காரர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, நடைபாதை ஓரத்தில், தனியாக. கையில் போன் கார்டு இருந்தது. சுரண்டாமல் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வீட்டுக்கு வாங்கண்ணே, சாப்பிட்டுப் போகலாம்" என்று இழுத்துக்கொண்டு போனேன். சாப்பிட்டார். சாப்பிட்ட கையோடு கிளம்பினார். "குடும்பம் இருக்கற வீட்டுல ரொம்ப நேரம் ஒக்காரப்பிடாது தங்கச்சி. பெறகு ரூமுக்குப் போனா ரூமு புடிக்காது" என்றார். என் கணவர் அவரைப் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டு வந்தார்.

அவருக்குத் தேவகோட்டைப் பக்கம் மனைவியும் கல்யாணமான மகளும் உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் போவார். "போனா மொத வாரம் கறிச்சோறு. அடுத்த வாரம் 'டிக்கெட்டு என்னைக்கு?'ன்னு கேட்டுருவாக. அவுகளைக் குத்தம் சொல்ல முடியாது. விருந்தாளி எம்புட்டு நாளைக்கு இருக்க முடியும்?" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அதைக் கேட்கச் சங்கடமாக இருந்தது.

இரண்டாயிரத்து மூன்றில் மறுபடியும் ஈராக்கில் போர் தொடங்கிய வாரம். கேன்டீன் தொலைக்காட்சியில் அமெரிக்க விமானங்கள் துண்டுப் பிரசுரங்களைக் கொட்டுவதைக் காட்டினார்கள். வானத்தில் வெள்ளையாக ஒரு புகை. அந்தப் புகை உடைந்து உடைந்து காகிதங்களாகிறது. சரணடைந்துவிடு, துப்பாக்கியைக் கீழே போடு என்று சிப்பாய்களுக்கு எழுதியிருந்ததாம். "குவைத்து, ஒன் சம்பந்தி நோட்டீஸ் போடுறான் பாரு. எலெக்சன் வந்துருச்சு" என்று யாரோ கத்தினார்கள். எல்லாரும் சிரித்தோம். அண்ணன் தட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். "பிரியுது பாரு. எப்படி ஒண்ணொண்ணா பிரியுது பாரு" என்று அவருக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். பிறகு தட்டை வைத்துவிட்டு வெளியே போனார். சோறு அப்படியே இருந்தது. அவர் சோற்றை வீணாக்கி நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் பின்னால் போனேன்.

காகிதக் கட்டுகள் அடுக்கி வைத்திருக்கும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். அவராகவே சொன்னார்.

குவைத்தில் அவர் வேலை பார்த்தது ஒரு சின்ன அச்சகத்தில். முதலாளி தொண்ணூறாம் வருடக் கோடையில் கெய்ரோ போயிருந்தார். பக்கத்து நாட்டுச் சர்வாதிகாரியின் படை உள்ளே நுழைந்ததும் அவரால் திரும்ப முடியவில்லை. மகன் யூசுப் மட்டும்தான் அச்சகத்தில். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பையன். யூசுப்பின் அம்மா இரண்டு தெரு தள்ளி இருந்த வீட்டில். அந்த அம்மா பிறந்தது பம்பாயில். அவருடைய தகப்பனார் அங்கே பேரீச்சம்பழ வியாபாரம் செய்தவர். அதனால் அவருக்குப் பம்பாய் இந்தி தண்ணீர் பட்ட பாடு. சம்பளத்துக்கு ஆளாக வந்தவனுக்கு நோன்பு நாளில் கஞ்சி, பெருநாளில் பிரியாணி என்று கொடுத்தனுப்பியவர். அண்ணன் அவரை 'ஆத்தா' என்றே கூப்பிட்டிருக்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, அந்த அம்மாவும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாராம்.

வானொலியும் பத்திரிகையும் படைக்காரர்கள் கைக்குப் போய்விட்டன. யூசுப் கடையின் இரும்புக் கதவை உள்பக்கமாகப் பூட்டிவிட்டு நோட்டீஸ் அடிக்கலாம் என்றான். அண்ணனுக்கு அரபி பேச வரும், படிக்க வராது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, "கடையைத் திறக்காதே, வண்டிக்கு அவர்கள் கொடுக்கும் நம்பரை மாட்டாதே, பயப்படாதே, நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்" என்று படித்துக் காட்டியிருக்கிறான். போனில் அவர் சொல்லும் அந்த 'நாங்க' எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அச்சடித்தால் போதுமா? ஊருக்குள் போட வேண்டுமே. கையில் கொண்டுபோனால் சோதனையில் மாட்டிக்கொள்வார்கள். காற்றிடம் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. மொட்டை மாடிச் சுவரின் மேல் ஒரு பலகை. பாதி உள்ளே, பாதி வெளியே. வெளிப்பக்கம் நோட்டீஸ். உள்பக்கம் ஒரு பால்பவுடர் டின் நிறையத் தண்ணீர், அடியில் ஊசி அளவுக்கு ஒரு துளை. தண்ணீர் ஒழுகி முடிய நேரமெடுக்கும். வைத்த ஆள் இறங்கிப் போய் ரொட்டிக் கடை வரிசையில் நிற்கலாம். டின் காலியானதும் பலகை சாயும், காகிதம் காற்றில் போகும். எந்த மாடியிலிருந்து வந்தது என்று எவனும் சொல்ல முடியாது. மாடியில் துணி காயப்போடும் பெண்ணை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதால், வைக்கிற வேலை ஆத்தாவுடையது. மாவு மூட்டைக்குள் மறைத்து அச்சகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோவதும் அவர்தான்.

"ஒரு தடவை ரொட்டிக்கு நிக்கிறேன். எந் தோள் மேலயே ஒண்ணு வந்து விழுந்துச்சு தங்கச்சி. நான் அடிச்ச நோட்டீஸு. சிப்பாய்ங்கெ கோழி பிடிக்கிற மாதிரி தெருத்தெருவா அதைத் தொரத்திக்கிட்டு ஓடுறாங்கெ. சனமெல்லாம் ஒண்ணுந் தெரியாத மாதிரி நிக்கிது, எல்லார் செருப்புக்குள்ளயும் ஒண்ணு இருக்கு. எனக்குப் படிக்கக்கூடத் தெரியாது. ஆனா அன்னைக்கு இருந்த சந்தோசம் எம் மக பொறந்தன்னைக்குத்தான் இருந்துச்சு." இதைச் சொல்லும்போது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஒருநாள் யூசுப் அவசரப்படுத்தினான். அச்சகங்களைச் சோதனை போடப் போவதாகப் பேச்சு. அடித்ததை உடனே வெளியே அனுப்பிவிட வேண்டும். அண்ணன் மை காய்வதற்கு முன்பே வெட்டிவிட்டார். வெட்டி, பழக்கதோஷத்தில், நாலு பக்கமும் தட்டி, ஓரம் பிசகாமல், அழுத்தி அடுக்கியும் கொடுத்துவிட்டார். நல்ல அச்சுக்காரர் யாரும் அப்படித்தான் செய்வார். ஆத்தா எடுத்துப் போனார். பலகை சாய்ந்தபோது காகிதம் பறக்கவில்லை. மொத்தக் கட்டும் செங்கல் மாதிரி அந்த வீட்டுச் சுவரடியிலேயே விழுந்தது. தெருமுனையில் காவலுக்கு நின்ற சிப்பாய்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

அண்ணன் நேரில் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் கட்டு பிரியாமல் விழுந்தது தெரியும். மாடியில் பலகையையும் டின்னையும் எடுத்துக்கொண்டு சிப்பாய்கள் நேராக அச்சகத்துக்கு வந்தார்கள். யூசுப் முன்னால் போய் நின்றான். "அச்சடித்ததும் நான், மாடியில் வைத்ததும் நான், என் அம்மாவுக்கு எதுவும் தெரியாது" என்றான். இவரைக் காட்டி, "இவன் இந்தியாக்காரன். தரை துடைக்கிறவன். படிக்கத் தெரியாது" என்றான். ஒரு சிப்பாய் ஒரு தாளை இவர் கையில் கொடுத்து, தலைகீழாகப் பிடிக்கிறாரா என்று பார்த்தானாம். இவர் தலைகீழாகத்தான் பிடித்திருந்தார். விட்டுவிட்டார்கள். யூசுப்பை வண்டியில் ஏற்றினார்கள். ஏறும்போது அவன் இவர் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் சந்தேகம் வந்திருக்கும் என்று அண்ணன் சொன்னார். அதன் பிறகு யாரும் அவனைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நாளில் மற்ற இந்தியர்களோடு பஸ் ஏறி, பாக்தாத் வழியாக அம்மான் போய், அங்கிருந்து விமானத்தில் பம்பாய் வந்து சேர்ந்தார். "வழியெல்லாம் முக்குக்கு முக்கு அந்தாளு படம். நல்லா அடிச்சிருந்தாங்கெ தங்கச்சி, அதையும் சொல்லணும். கலர் ஒண்ணும் வெலகல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே இதைச் சொன்னார். நானும் சிரித்துவிட்டேன். அந்த நேரத்திலும் அச்சைப் பார்த்த மனிதரை எப்படித் திட்டுவது?

சண்டை முடிந்த பிறகு துபாய்க்கு வேலைக்கு வந்தார். ஒவ்வொரு பெருநாளுக்கும் ஆத்தாவுக்குப் போன் செய்தார். ரோலாவில் சுரண்டாமல் அவர் வைத்திருந்த கார்டு அதற்குத்தான். நலம் விசாரிப்பார், யூசுப்பைப் பற்றித் தகவல் உண்டா என்று கேட்பார், இல்லை என்பார் அந்த அம்மா, இரண்டு பேரும் சும்மா கொஞ்ச நேரம் இருப்பார்கள், கார்டு தீர்ந்துவிடும். தான் ஈரத்தில் வெட்டியதைச் சொல்ல வேண்டுமென்றுதான் ஒவ்வொரு தடவையும் எண்களை அழுத்துவாராம். அந்தக் குரலைக் கேட்டதும் வாய் அடைத்துக்கொள்ளுமாம்.

போர் முடிந்து அந்த ஆட்சி விழுந்த பிறகு ஈராக்கின் பாலைவனத்தில் புதைகுழிகளைத் தோண்டினார்கள். குவைத்திலிருந்து கொண்டுபோனவர்களின் எலும்புகள் கிடைத்தன. எலும்போடு ஒப்பிட்டுப் பார்க்க ஆத்தா ரத்தம் கொடுத்தார். காத்திருந்தார். கடைசியில் யூசுப்பைக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். செய்தி வந்த அன்று அண்ணன் வழக்கம்போல மெஷினை ஓட்டினார். சாயங்காலம் என்னிடம் வந்து, "யூசுப்பு வந்துட்டானாம் தங்கச்சி" என்றார். ஊரிலிருந்து தம்பி வந்து இறங்கிவிட்டான் என்று சொல்வது போலத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை. "இப்பப் போகணும். நேர்ல போய்ச் சொல்லிரணும்" என்றார்.

"போனிலேயே சொல்லிடுங்கண்ணே. இத்தனை வருஷம் சுமந்தது போதாதா?" என்றேன். தலையை ஆட்டினார். "போன்ல சொல்லிட்டு வச்சுட்டா அதுக்கப்பறம் அந்த ஆத்தா மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுல்ல. அடிச்சா வாங்கிக்கணும்ல. போன்ல எப்படி வாங்குறது?" என்றார்.

குவைத் போக விசா வேண்டும். ஆத்தாவும் வரச்சொல்லிக்கொண்டேதான் இருந்தார். ஆத்தாவின் உடன்பிறந்தவர் மகன் அங்கே விண்ணப்பித்தான். இவர் பாஸ்போர்ட்டில் இருந்த தொழிலைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மெஷின் ஓட்டுகிறவன் உறவு பார்க்கப் போகிறேன் என்றால் எந்த அதிகாரி நம்புவான்? மறுபடி விண்ணப்பித்தார்கள். ஆத்தாவுக்குக் கொடுக்க ஒரு கோடாலித் தைலமும் தனக்கு ஒரு வெள்ளைச் சட்டையும் வாங்கி வைத்திருந்தார். சட்டை சரியாக இருக்கிறதா என்று என் கணவரிடம் போட்டுக் காட்டினார். கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. பரவாயில்லை என்று சொல்லிவிட்டோம்.

அந்த விண்ணப்பத்துக்குப் பதில் வருவதற்குள்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

உடலை ஊருக்கு அனுப்பும் அலைச்சல் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதில் ஓடியவர்கள் நீங்கள்தான், உங்களுக்குத் தெரியும். பெட்டி போன மறுநாள் முருகேசன் அண்ணனின் மொபைலை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். "இதுல ஆத்தான்னு ஒரு நம்பர் இருக்குக்கா. அண்ணனோட ஆத்தா செத்து எம்புட்டோ வருசமாச்சு. எனக்குப் பயமா இருக்கு, நீங்களே பேசுங்க" என்றான். பாவம், அவன் என்ன நினைத்தானோ. நான் வாங்கிக்கொண்டேன்.

என் இந்தி, ஷார்ஜா காய்கறிச் சந்தையில் பேரம் பேசிக் கற்ற இந்தி. தக்காளிக்குப் போதும், சாவுச் செய்தி சொல்லப் போதாது. எழுதி வைத்துக்கொண்டு போன் செய்தேன். வயதான, தெளிவான குரல். என் பெயரைச் சொன்னதும், "கதிரின் தங்கைதானே?" என்றார். அண்ணன் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். எழுதி வைத்ததை விட்டுவிட்டு, "அம்மா, அண்ணன் போய்விட்டார்" என்றேன். "தூக்கத்திலா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பக்கத்தில் யாராவது இருந்தார்களா?" என்றார். இருந்தார்கள் என்றேன், அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

அண்ணன் சொல்ல நினைத்திருந்ததை நான் சொல்வதா வேண்டாமா என்று தடுமாறிக்கொண்டிருந்தேன். அது அவருடையது. தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அதற்குள் அந்த அம்மாவே பேசினார். "அவன் வந்தால் ஒன்று சொல்ல வேண்டுமென்று இருந்தேன் மகளே. அதற்குத்தான் வா வா என்று கூப்பிட்டேன். போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை" என்றார்.

நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அன்றைக்கு மாவு மூட்டைக்குள் காகிதம் கலைந்துவிடும் என்று தையல் நூலால் கட்டினேன். இறுக்கமாக, இரண்டு சுற்று. மாடிக்குப் போய்ப் பலகையில் வைத்தேன். நூலை அறுக்க வேண்டும். அப்போது கீழே யாரோ கதவைத் தட்டினார்கள். பயந்து ஓடி வந்தேன். பக்கத்து வீட்டுப் பெண், உப்பு கேட்டு வந்திருந்தாள். உப்பைக் கொடுத்தேன். நூலை மறந்துவிட்டேன். என் பிள்ளை என்னால் போனான். கதிருக்கு இது தெரியுமா? யாராவது அவனிடம் சொன்னார்களா? என்மேல் கோபமாக இருந்தானா?"

எனக்கு வந்த இந்தி முழுவதும் மறந்துபோயிற்று. அண்ணன் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்ததை அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னாகும்? மகனை இழந்த பாரத்தோடு, தான் செய்த பிழைக்காக வேறொரு மனிதர் சாகும்வரை வெந்துகொண்டிருந்த பாரத்தையும் அந்தக் கிழவி சுமக்க வேண்டும். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த அம்மா இருக்கிறார். "அண்ணனுக்கு இது தெரியாது அம்மா. உங்களைப் பற்றி ஒரு நாளும் ஒரு குறை சொன்னதில்லை. ஆத்தா என்றுதான் சொல்லுவார்" என்றேன். அத்தனையும் உண்மை. அவர் அழத் தொடங்கினார். அந்த அழுகையில் கொஞ்சம் நிம்மதியும் இருந்ததாக எனக்குப் பட்டது. நான் அப்படி நம்ப விரும்புகிறேன்.

இத்தனை வருடம், ஒவ்வொரு பெருநாளும், ஒரே கட்டுக்காக இரண்டு பேர் இரண்டு முனையில் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். யாராவது ஒருத்தர் முந்தியிருந்தால் போதும். எனக்கு வருகிற கோபத்தை யார்மேல் காட்டுவதென்றே தெரியவில்லை. அந்தச் சர்வாதிகாரி மீது காட்டலாம். அவன் இப்போது எங்கள் கோபத்துக்கு எட்டாத இடத்தில் இருக்கிறான். உப்பு கேட்டு வந்த பெண் மீதா காட்டுவது?

குவைத்தில் இருக்கும் அந்த அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால்தான் இதைத் தமிழில், உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். இனி அண்ணனைப் பற்றிப் பேசும்போது குவைத்து என்றே சொல்லுங்கள், தப்பில்லை, சிரிக்காமல் சொல்லுங்கள். அவருடைய துணிமணியும் தைலமும் அந்த வெள்ளைச் சட்டையும் ஊருக்குப் போய்விட்டன. மனைவிக்கும் மகளுக்கும் போக வேண்டியது போயிற்று. என்னிடம் இருப்பது ஒரு பதில். அவருக்கு வர வேண்டியது, என்னிடம் வந்து நின்றுவிட்டது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் மெஷின் அறைப் பக்கம் போய் நின்றுவிட்டு வருகிறேன். வேறு ஆள் ஓட்டுகிறார். நல்ல பையன்தான். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் வாய்விட்டே சொல்லிப் பார்க்கிறேன்.

அண்ணே, மை காய்ந்திருந்தாலும் அந்தக் கட்டு பிரிந்திருக்காது.